இளங்கிளிக்குப் புதிய உணவு

சங்க காலத்துக் குறிஞ்சி நிலத்தின் மலைச்சரிவுகளில் தினை விளைந்தது. கதிர் முற்றும் பருவத்தில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றை ஓட்டுவதற்காக மகளிர் பரண்மீது இருந்து, தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஒலி எழுப்பினர். கிளிக்கும் தினைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழமையானது. இன்று தில்லி, போபால் போன்ற வடநாட்டு நகரங்களில் பறவைத் தீனி விற்கும் கடைகளில் ‘கங்னி’ என்று கேட்டால் கிடைப்பதும் அதே தினைதான்.

ஆயினும், காட்டுக்கிளி உண்ட தினை வேறு. கூண்டுக்கிளி உண்ணும் தினை வேறு. காட்டுக்கிளி தினையோடு பழம், பூ, மொட்டு, தளிர் எனப் பலவற்றையும் தேடி உண்டது; அவற்றைத் தேடி நெடுந்தொலைவு பறந்தது. கூண்டில் வாழும் பறவைக்கோ ஆண்டு முழுவதும் ஒரே கிண்ணம். ஒரே உலர்ந்த விதை. அந்த ஒற்றை உணவு காலப்போக்கில் அதனை நோயுறச் செய்கிறது. அவ்வுணவை மாற்ற விரும்புவோர் அவசரப்பட்டால், பறவை பட்டினியால் இறந்துவிடவும் கூடும். எனவே, எதைக் கொடுப்பது என்பதை அறிவது போலவே, எப்படிக் கொடுப்பது என்பதை அறிவதும் இன்றியமையாதது.

வீட்டில் வளர்க்கத்தக்க கிளி

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. நம் நாட்டுக் கிளி இனங்களைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைத்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இந்திய வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியே. பிரித்தானியப் பறவையியலாளர் ஜான் கூல்டு 1840ஆம் ஆண்டில் இப்பறவைகளை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் இவை உலகெங்கும் வளர்ப்புப் பறவைகளாகப் பரவின. தமிழ்நாட்டில் இவற்றை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைப்பது வழக்கம். உண்மையில் அப்பெயருக்கு உரியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளிகள்.

பட்ஜெரிகரின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம்; அதாவது, ஒரு பெரிய நெல்லிக்காயின் எடைதான். இளம்பறவையை எளிதில் அடையாளம் காணலாம். அதன் நெற்றியில் மூக்கின் அடிவரை மெல்லிய கருவரிகள் இருக்கும். மூன்று அல்லது நான்கு மாத வயதில் முதல் இறகு உதிர்ந்து புதிய இறகு முளைக்கும்போது அவ்வரிகள் மறைந்துவிடும். நெற்றியில் வரிகள் உள்ள பருவமே புதிய உணவைப் பழக்குவதற்கு ஏற்ற பருவம். வயது ஏற ஏறப் பறவை தனக்குப் பழகிய உணவையே பற்றிக்கொள்ளும்.

விதை மட்டும் போதாதது ஏன்?

உலர்ந்த விதைகளில் மாவுச்சத்து உண்டு. சூரியகாந்தி போன்ற விதைகளில் கொழுப்பு மிகுதி. ஆனால் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச்சத்து, அயோடின் ஆகியவை அவற்றில் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுப்பாதை ஆகியவற்றின் உட்பூச்சு கெட்டு, நோய்க்கிருமிகள் எளிதில் உள்ளே நுழையும். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். கொழுப்பு மிகுந்த விதைகளையே உண்டு, பறக்க இடமின்றி அமர்ந்திருக்கும் பறவையின் கல்லீரலில் கொழுப்பு படியும்.

இக்குறைகள் ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. பறவை நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் தளர்ந்த பறவையையே வேட்டையாடும் உயிரினங்கள் குறிவைக்கும். ஆதலால் அது இயன்றவரை நலமாக இருப்பதுபோலவே தோன்றும். வீட்டார் நோயை அறியும் வேளையில் அது முற்றியிருக்கும்.

பறவை மறுப்பது ஏன்?

கிண்ணத்தில் இருக்கும் விதையை எடுத்துவிட்டுக் கேரட் துண்டுகளை வைத்தால், பறவை அவற்றை ஏறிட்டும் பார்க்காது. ‘பசித்தால் தானே உண்ணும்’ என்று சிலர் கருதுவர். இக்கருத்து ஆபத்தானது.

ஒரு குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வேற்று மாநிலத்துக்குக் குடிபெயர்கிறது என்று கொள்வோம். சோற்றுக்குப் பழகிய குழந்தை அங்கே முதன்முதலாகக் கம்பு ரொட்டியைக் கண்டு தயங்கலாம். எனினும், பிறர் உண்பதைக் கண்டு, அது உணவு என்பதையாவது அக்குழந்தை அறிந்துகொள்ளும். கூண்டுப் பறவைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எது உணவு என்பதைக் கிளி தன் பெற்றோரிடமிருந்தும் கூட்டத்திடமிருந்தும் கற்கிறது. தினையை மட்டுமே கண்டு வளர்ந்த கிளிக்குக் கேரட் என்பது உணவே அன்று. அது ஒரு புதிய பொருள், அவ்வளவே. ஆகவே, எதிரில் காய்கறி குவிந்திருந்தாலும் அது பட்டினி கிடக்கும். இத்துணைச் சிறிய உடலில் சேமிப்பும் சிறிதே. ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டாலே அதன் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

எனவே, பட்டினி போட்டு உணவை மாற்றுதல் ஆகாது. பழைய உணவு இருக்கும்போதே புதிய உணவையும் உணவு என்று பறவைக்குக் கற்பிப்பதே சரியான முறை.

மாற்றும் முறை

கடையிலிருந்து வந்தவுடன் மாற்றத்தைத் தொடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரங்கள் கடையில் உண்ட அதே தீனியைக் கொடுக்க வேண்டும். புதிய வீடு, புதிய ஒலிகள், புதிய முகங்கள் ஆகியவற்றுக்கு முதலில் பறவை பழகட்டும். நோயுற்ற பறவைக்கும், இறகு உதிர்க்கும் பறவைக்கும் அந்நாளில் உணவு மாற்றம் வேண்டாம்.

இக்காலத்தில் நாள்தோறும் காலையில், உணவு கொடுக்கும் முன், பறவையின் எடையைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு கிராம் அளவையும் காட்டும் சமையலறை மின்னணுத் தராசு இதற்குப் போதும். தராசின்மீது சிறு பெட்டியையோ அமரும் குச்சியையோ வைத்துப் பழக்கலாம். உணவை மாற்றும்போது எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனியையே முழுமையாகக் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சான்றாக, 36 கிராம் எடையுள்ள பறவை 33 கிராமுக்குக் கீழே இறங்கினால், அது எச்சரிக்கை.

அடுத்த கட்டம் கீரையும் காயும். இரவு முழுதும் உண்ணாத பறவைக்குக் காலையில்தான் பசி மிகுதி. அவ்வேளையில் முதல் ஒரு மணி நேரம் புதிய உணவை வைத்து, பின்னர் விதைக் கிண்ணத்தைத் திரும்ப வைக்க வேண்டும். கொத்தமல்லித்தழை, வெந்தயக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கழுவி, நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேற்புறத்தில் கட்டித் தொங்கவிடலாம். ஈர இலைகளில் உடலைத் தேய்த்துக் குளிப்பது பட்ஜெரிகருக்கு மிகவும் பிடிக்கும். குளிக்கும்போதே இலையைக் கொத்திப் பார்க்கும். கேரட்டைத் துருவி, அதன்மீது சிறிது தினையைத் தூவலாம். தினையைப் பொறுக்கும் அலகில் கேரட்டும் ஒட்டும், சுவை அறிமுகமாகும். வீட்டில் ஒருவர் பறவையின் எதிரில் அமர்ந்து அதே கீரையை மெல்வதும் பயன் தரும். தன் கூட்டத்தார் உண்பதைத் தானும் உண்ண விரும்புவது கிளியின் இயல்பு. வீட்டாரே அதன் கூட்டம்.

குடைமிளகாயில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து மிகுதி. பச்சை மிளகாயையும் கிளி கலங்காமல் உண்ணும். மிளகாயின் உறைப்பைப் பறவைகளின் நாக்கு உணர்வதில்லை. பாலக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே அதனைச் சிறிதளவே கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்துக்காகக் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டி வைப்பர். நாட்டு மருந்துக் கடைகளில் இது ‘கடல்நுரை’ எனப்படும். வடநாட்டுக் கடைகளில் ‘சமுத்ரபேன்’ எனப்படும்.

மூன்றாம் கட்டம் ‘பெல்லட்’ எனப்படும் உருண்டைத் தீனி. தானியங்களை மாவாக்கி, வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்து இது செய்யப்படுகிறது. ஒவ்வோர் உருண்டையிலும் எல்லாச் சத்துகளும் கலந்திருப்பதால், பறவை விரும்பியதை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதை ஒதுக்க இயலாது. முதலில் பெல்லட்டைத் தூளாக்கி, சிறிது ஈரமாக்கிய தினைமீது பிசிறிக் கொடுக்க வேண்டும். பின்னர் பத்தில் ஒரு பங்கு பெல்லட், ஒன்பது பங்கு விதை என்று கலக்கலாம். பறவை உருண்டையை உண்பதைக் கண்ணால் கண்ட பிறகே பங்கைக் கூட்ட வேண்டும். இம்மாற்றம் சில வாரங்களிலும் முடியலாம். சில மாதங்களும் ஆகலாம். முடிவில் பெல்லட்டும் காய்கீரையும் முதன்மை உணவாகவும், விதை சிறிதளவாகவும் அமையும். விதையை அறவே விலக்க வேண்டியதில்லை.

கண்ணை ஏமாற்றும் உமி

பட்ஜெரிகர் விதையை உமி நீக்கியே உண்ணும். உமி கிண்ணத்திலேயே விழும். மாலையில் பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதில் இருப்பது வெறும் உமியாக இருக்கலாம். நிறைந்த கிண்ணத்தின் எதிரிலேயே பறவை பசித்திருந்த வீடுகள் உண்டு. எனவே நாள்தோறும் கிண்ணத்தை மெல்ல ஊதி, அடியில் விதை உள்ளதா என்று பார்க்க வேண்டும். கூண்டின் அடித்தட்டில் விழும் எச்சத்தையும் கவனிக்க வேண்டும். எச்சம் வழக்கத்தைவிட மிகவும் குறைந்தால், பறவை உண்ணவில்லை என்பது பொருள்.

ஈரமான காய்கறியைக் கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக் கூடாது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், பூண்டு, உப்பிட்ட வறுவல் ஆகியவற்றைக் கிளிக்குக் கொடுக்கவே கூடாது. இவற்றுள் வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் சிறிதளவே ஆயினும் உயிரைப் பறிக்கக் கூடியவை. ஆப்பிளைக் கொடுக்கும்போது விதைகளை நீக்கிவிட வேண்டும்.

பத்து நாள் தொங்கிய கீரையைப் பறவை திரும்பியும் பாராதிருக்கலாம். பதினோராம் நாள் ஓர் இலையின் ஓரத்தைக் கடித்துப் பார்க்கலாம். அந்த ஒரு கடிக்காகக் காத்திருப்பவரே பறவையை முறையாக வளர்ப்பவர். கூண்டில் உள்ள பறவை தன் உணவைத் தானே தேடிச் செல்ல இயலாது. அதைத் தேடித் தருவதும், அதனைக் கற்பிப்பதும், கற்கும்வரை பசியாமல் காப்பதும் வளர்ப்பவரின் கடமை.

பயிற்சி

1. பட்ஜெரிகரின் வயதை அதன் நெற்றியைக் கொண்டு எவ்வாறு அறியலாம்?
2. ‘பசித்தால் தானே உண்ணும்’ என்னும் கருத்து ஏன் ஆபத்தானது? விளக்குக.
3. நிறைந்த கிண்ணம் வளர்ப்பவரை ஏமாற்றுவது எங்ஙனம்?
4. பொருள் எழுதித் தொடரில் அமைக்க: பரண், உமி, எச்சம், பிசிறுதல்.
5. செயல்பாடு: தினை, வெந்தயக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றுக்கு நீங்கள் வாழும் ஊரில் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, தமிழ்ப் பெயர்களுக்கு நேரே எழுதுக.