ஏவலும் மறுமொழியும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்தது. அஃது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரே துண்டில் அகப்பட்டுவிடாதிருக்க அன்று கண்ட வழி டேப்லட் என்னும் வட்டத் தகடு. எல்ல நிலைய அதிபர் தெமோதரை நிலையத்துக்கு மின்மணி ஒலித்து வழி கேட்பார். தெமோதரையில் உள்ளவர் இசைந்து தம் கருவியை இயக்கினாலன்றி, எல்லவில் உள்ள கருவி தகட்டை வெளியே விடாது. தகடு கைக்கு வராமல் சாரதி வண்டியை நகர்த்தமாட்டார். தொலைவிலுள்ள ஒருவருக்குச் சொல்லி அனுப்புதல் ஒன்று. அவர் கேட்டுக்கொண்டார் என அறிதல் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்தமையால் அப்பாதையில் உயிர்கள் காக்கப்பட்டன.

கணினிக்குச் செய்நிரல் எழுதப் பயிலும் மாணவருக்கும் இதுவே முதற்பாடம். செய்நிரல் என்பது கணினி ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் கோவை. வகுப்பறையில் அதனை வழக்கமாக எண்களைக் கொண்டே பயிற்றுவர். பத்து எண்களைக் கூட்டு, பெரியதைக் கண்டுபிடி, திரையில் காட்டு என்றவாறு பயிற்சி அமையும். விடை பிழைத்தால் திரையில் ஓர் எண் மாறித் தோன்றும். மாணவர் மனத்தில் அது பதிவதில்லை. ஆனால் அதே கட்டளைகள் வலையமைப்பின் வழியே சென்று, எங்கோ ஒரு கூரைமேல் நிற்கும் கமராவைத் திருப்புமாயின், பிழை கண்ணுக்கே புலப்படும். மலையைப் பார் என்று ஏவியவர் முன் மதிற்சுவரின் படம் வந்து நிற்கும்.

தொலைவிலுள்ள இயந்திரத்தைப் பொதுமக்கள் இணையத்தின் வழியே ஆட்டிவைத்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று 1994இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. கென் கோல்ட்பர்க் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஓர் இயந்திரக் கையில் கமராவைப் பொருத்தினர். உலகின் எப்பாகத்திலிருந்தும் அக்கையை நகர்த்தி, காற்றை ஊதி மணலை விலக்கி, அடியிற் புதைந்த பொருள்களைக் காண வழிசெய்தனர். மாணவருக்கென்றே எழுந்த திட்டமும் உண்டு. 1983இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணாகிய சாலி ரைட், பாடசாலைப் பிள்ளைகள் விண்வெளிக் கமராவைக்கொண்டு பூமியைப் படம் பிடிக்க வேண்டும் என்று முனைந்தார். அத்திட்டம் 1996இல் விண்வெளி ஓடத்தில் தொடங்கி, 2001 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடைபெற்றது. நிலையம் எந்த நேரத்தில் எந்த நிலப்பகுதிக்கு மேலே வரும் எனப் பிள்ளைகளே கணக்கிட்டுத் தம் இடங்களைத் தெரிந்து அனுப்பினர்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய இராவணா-1 என்னும் சிறு செய்மதி, 2019 ஏப்ரலில் விண்ணுக்கு ஏவப்பட்டு, யூன் 17ஆம் நாள் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. எல்லவுக்கு அண்மையிலுள்ள அருவி இராவணன் பெயரைத் தாங்கி நிற்பதை ஊவா மக்கள் அறிவர். அப்பெயர் பூண்ட செய்மதி பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கொண்ட சிறு பெட்டி. எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். இலங்கையையும் சூழவுள்ள பகுதியையும் படம் பிடித்தல் அதற்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிய அச்செய்மதி, நிலத்திலுள்ள ஒரு நிலையத்தின் வானில் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே தங்கும். அதற்குள் கட்டளை சென்று மறுமொழி திரும்ப வேண்டும். யோசித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள அங்கே நேரமில்லை. ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே பிழையற எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

இனி, விண்ணிலிருந்து மண்ணுக்கு வரலாம். பதுளையில் ஒரு பாடசாலைக் கூரையில், நமுனுகுல மலையை நோக்கி, சுழலும் கமரா ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்க. பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து ஒரு மாணவி அதனை இயக்க முயல்கிறாள். இத்தகைய கமராக்களுக்கு விஸ்கா என்றொரு கட்டளை முறை உண்டு. சோனி நிறுவனம் வகுத்த இம்முறை, முதலில் கம்பி இணைப்புக்கும் பின்னர் வலையமைப்புக்கும் பயன்பட்டது. அதில் ஒரு செய்தியின் நீளம் 3 முதல் 16 பைட்டு வரையே. படம் திரும்பி வருவதற்குத்தான் அகன்ற வழி வேண்டும். கட்டளை செல்வதற்கு, இணைப்பு மெலிந்த தோட்டப்பகுதியும் தடையன்று.

மாணவியின் முதற் கட்டளை, வலப்புறம் திரும்பு என்பது. கமரா திரும்பத் தொடங்குகிறது; திரும்பிக்கொண்டே சென்று, வலக்கோடியை எட்டி, சுவரைப் பார்த்தவாறு நின்றுவிடுகிறது. ஏனெனில் நில் என்ற கட்டளையை அவள் எழுதவில்லை. மலை தெரிந்ததும் நிற்க வேண்டும் என்பது அவள் மனத்தில் இருந்தது, கட்டளையில் இல்லை. இயந்திரம் சொல்லைக் கேட்குமேயன்றிக் குறிப்பறியாது.

அடுத்து, மலைத்தொடர் முழுவதையும் துண்டு துண்டாகப் படம் பிடிக்க விழைகிறாள். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை 300 பாகை. ஒவ்வொரு முறையும் 30 பாகை திரும்பிப் படம் எடு, இதனைப் பத்து முறை செய் என எழுதுகிறாள். ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்விக்கும் இதனை மீள்செய்கை என்பர். படங்களை அடுக்கிப் பார்க்கையில் இடக்கோடிப் படம் இல்லை. பத்து இடைவெளி கொண்ட வேலிக்குப் பதினொரு கம்பம் வேண்டுமன்றோ? அதுபோலப் பத்துத் திருப்பத்துக்குப் பதினொரு படம் வேண்டும். முதலாவதைத் திரும்புமுன்னரே எடுத்திருக்க வேண்டும். அனுபவம் வாய்ந்த நிரலாளரும் அடிக்கடி இடறும் பிழை இது. எண்களில் மறைந்துகிடக்கும் இப்பிழையைக் காணாமற்போன ஒரு மலைத்துண்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சில படங்கள் கலங்கியும் வருகின்றன. கமரா திரும்பி முடியுமுன்பே படமெடுக்கும் கட்டளை சென்றதே அதற்குக் காரணம். இங்கேதான் மறுமொழியின் அருமை விளங்கும். விஸ்கா முறையில் கமரா ஒரு கட்டளைக்கு இரு மறுமொழி தருகிறது. முதலாவது, கட்டளையை ஏற்றுக்கொண்டேன் என்பது. இரண்டாவது, செய்து முடித்தேன் என்பது. கட்டளை விளங்காவிடினும், இப்போது இயலாதெனினும் அதற்கும் தனித்தனிக் குறி உண்டு. முதல் மறுமொழியை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கட்டளையை ஏவியவள் அம்மாணவி. இரண்டாவது வரும்வரை காத்திருக்குமாறு செய்நிரலைத் திருத்தியதும் படங்கள் தெளிந்துவிடுகின்றன. ஏற்றலுக்கும் முடித்தலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவள் அறிந்துகொண்டாள்.

மறுமொழியே வராவிட்டால்? வலையமைப்பில் செய்தி வழியில் தொலைந்துபோவது உண்டு. சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புதலே முறை. அதிலும் ஒரு நுட்பம் உளது. தொலைந்தது கட்டளையன்றி மறுமொழியாகவும் இருக்கலாம். மேலும் 30 பாகை திரும்பு என்ற கட்டளையை அவ்வேளையில் மீண்டும் அனுப்பினால் கமரா 60 பாகை திரும்பிவிடும். 30ஆம் பாகையில் நில் என்று எழுதியிருந்தால், எத்தனை முறை அனுப்பினும் கேடில்லை. சொல்லும் பொருளும் ஒன்று போலத் தோன்றினும், தொலைவில் உள்ளவருக்கு ஏவும்போது இவ்வேறுபாடு பெரிது.

ஊவாவில் மூடுபனியையும் கணக்கிற் கொள்ள வேண்டும். படம் என்பது கணினிக்கு எண்களின் அட்டவணையே. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகப் பதிகிறது. பனி மூடிய படத்தில் எல்லா எண்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு குறைவாயின் படத்தை விலக்கிப் பத்து நிமிடம் பொறுத்திரு எனக் கட்டளையிடலாம். இன்னது ஆயின் இன்னது செய் என்னும் இதற்குத் தெரிவு என்று பெயர்.

தெரிவின் வரிசை தவறினால் விளையும் தீங்கை ஊவா மக்கள் எளிதில் உணர்வர். மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக்கொண்டு மூன்று படிகளை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற்றம். இதனைச் செய்நிரலாக எழுதும் மாணவர், 75ஐத் தாண்டியதா என்பதை முதலிலும், இல்லையெனில் 100ஐத் தாண்டியதா என்பதை அடுத்தும் வினவினால் என்னாகும்? 160 மில்லிமீற்றர் மழை பெய்த அன்றும் முதல் வினாவுக்கே ஆம் என்ற விடை கிடைத்துவிடும். கணினி, விழிப்பாயிருங்கள் என்று மட்டும் அறிவித்து அமைந்துவிடும். 150ஐயே முதலில் வினவ வேண்டும். வரி ஒன்று மேலும் கீழும் மாறுவதில் ஒரு குடியிருப்பின் உயிரே தங்கியிருக்கிறது.

இது வெறுங் கற்பனையன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்தபோது வீட்டையும் பெற்றோரையும் காணவில்லை. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை சென்றது, ஆனால் குடும்பங்கள் இடம்பெயர்ந்து முடிந்தன என்ற இரண்டாவது மறுமொழி வரவில்லை. அது வரும்வரை விடாது வினவும் ஏற்பாடும் இருக்கவில்லை. 2025 நவம்பரில் தித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயர் உற்றது. கமரா மண்ணுக்குள் ஊறும் நீரைக் காணாது. மழைமானியும் மண்ணறிந்தவரும் வேண்டும். எனினும், மறுமொழி வரும்வரை பணி முடியவில்லை என்ற பழக்கத்தை இளமையிலேயே பெற்ற ஒரு தலைமுறை, இத்துறைகளுக்குச் செல்லுதல் பெரும் பேறாகும்.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. தோட்டங்களில் கங்காணி என்ற சொல் கண்காணி என்பதன் திரிபு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தோட்டத்து மக்கள் பிறர் கண்ணுக்குக் கீழே உழைத்து வந்தவர்கள். கமராவும் ஒரு கண்காணியே. ஆதலின் அது எங்கே நோக்கலாம், எங்கே நோக்கலாகாது என்பதையும் மாணவர் செய்நிரலிலேயே எழுதப் பழக வேண்டும். லயன் வாசல்களும் குளிக்கும் பீலிகளும் இருக்கும் திசையில் திரும்பாதவாறு பாகை எல்லையை முன்னதாகவே வரையறுத்துவிடலாம். கடவுச்சொல் இல்லாத கமராவை வலையமைப்பில் விடுதல், கதவில்லாத வீட்டுக்கு ஒப்பாகும்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயில்வோர் பைதன் என்னும் கணினி மொழியைக் கற்கின்றனர். மேற்கூறிய கட்டளைகளை அனுப்ப அம்மொழியே போதும். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உள்ளது. கணினித்துறையில் மேலே கற்க விரும்புவோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

கமராவும் இணைப்பும் இல்லாத பாடசாலை காத்திருக்கவும் வேண்டா. ஒரு மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கமராவாக நிற்கட்டும். மற்றொருவர் கட்டளைகளைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். மூன்றாமவர் வலையமைப்பாக இருந்து தாளைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டட்டும்; இடையிடையே ஒரு தாளை வேண்டுமென்றே தவறவிடட்டும். எழுதியவர் வாய் திறக்கலாகாது. அவர் எண்ணிய திசையில் கமரா நின்று, முடித்தேன் என்ற மறுமொழித் தாள் அவர் கைக்கு வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் முடியும். ஒரு பாடவேளைக்குள் நடத்தத்தக்க இவ்விளையாட்டில், எழுதிய கட்டளைக்கும் எண்ணிய கருத்துக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.