வெளிநாட்டு ஒப்பந்தத்தில் எம்.பி. குறுக்கிடலாமா?

வெளிநாட்டோடு அரசு பேச்சு நடத்தும்போது மக்கள் பிரதிநிதிகள் தலையிடலாமா? சட்டம் என்ன சொல்லுது, பார்ப்போம்.

அமெரிக்காவில் அரசின் அனுமதியில்லாமல் அயல்நாட்டோடு பேரம் பேசுவதை 1799-ஆம் ஆண்டு லோகன் சட்டம் தடுக்கிறது. ஆனால் இதுவரை ஒருத்தர்கூட அதில் தண்டனை பெற்றதில்லை. 2015-ல் 47 செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியபோதும் வழக்கு வரவில்லை.

நம்ம நாட்டில் ஒப்பந்தம் போடுவது மத்திய அரசின் அதிகாரம். நாடாளுமன்றம் கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம். முன் அனுமதி கட்டாயமில்லை. ஒரு பூட்டு உண்டு: இந்திய மண்ணை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-ல் பெருபாரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் கருத்துச் சொன்னது.

அப்படீன்னா 1974-ல் கச்சத்தீவு எப்படிப் போச்சு? 'அது தாவாவில் இருந்த இடம். எல்லையைத்தான் வரையறுத்தோம், மண்ணை விட்டுக்கொடுக்கவில்லை' என்பது மத்திய அரசின் வாதம். அதனால் சட்டத் திருத்தமே வரவில்லை. தீவை மீட்கக் கோரி நம் சட்டமன்றம் 1991-லும் 2025-லும் தீர்மானம் போட்டது. ஆனால் அது கோரிக்கைதான். மத்திய அரசைக் கட்டுப்படுத்தாது.

நம்ம ஆம்பூர் ஷூ தொழிலைத் தொடும் பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தமும் 2025 ஜூலையில் நாடாளுமன்ற ஓட்டெடுப்பு இல்லாமலே கையெழுத்தானது. ஆகவே, கையெழுத்தான பிறகு கத்திப் பயனில்லை. பேச்சு நடக்கும்போதே நம்ம எம்.பி.யைக் கேள்வி கேட்க வைப்போம்!