சந்தேகக் கோட்டையின் சாவி

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கில் ‘விசுவாசம்’, ‘நம்பிக்கை’ என்னும் இரு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பன அல்ல. கடவுள் சொன்னதை மெய்யென ஏற்று அவரைச் சார்ந்து நிற்பது விசுவாசம். இன்னும் கைக்கு வராத ஒன்று வந்தே தீரும் என்று காத்திருப்பது நம்பிக்கை. பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் இவ்விரண்டையும் அன்போடு சேர்த்து மூன்றாக எண்ணுகிறார். பொதுத் தமிழிலோ இரண்டுக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல் போதுமானதாகிவிடுவதால், மனம் சோர்ந்து எதிர்காலம் இருண்டுபோனவர் தம் விசுவாசத்தையும் இழந்துவிட்டார் என்று பிறரும், சில வேளைகளில் அவரேயும் முடிவுகட்டிவிடுவது எளிதாக நேர்ந்துவிடுகிறது. உண்மையான பக்தி உள்ளவரை மனச்சோர்வு அணுகாது என்ற எண்ணம் இதன் கிளைதான். அந்த எண்ணத்தை மறுக்கும் மிக விரிவான சாட்சியத்தை விட்டுச் சென்றவர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்த ஜான் பன்யன் (1628–1688) என்பவர்.

பெட்ஃபோர்டு நகரத்துக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்த பன்யன் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். அவருடைய முதல் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவற்றில் குறிப்பிடத்தக்கவை இரண்டு பக்தி நூல்களே என்பது அவ்வீட்டின் வறுமையையும், அவருடைய பிற்கால வாழ்க்கையின் போக்கையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது. வேலை தேடிப் பெட்ஃபோர்டு தெருக்களில் சென்ற ஒருநாள், வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்கள் கடவுளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்க நேர்ந்தது. தாம் அறிந்திருந்த சமயம் வெறும் நடத்தை ஒழுங்கு என்பதும், அவர்கள் பேசுவது வேறொன்று என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண்கள் சேர்ந்திருந்த சபையில், ஜான் கிஃபர்டு என்னும் போதகரின் கீழ், பின்னர் அவரும் இணைந்தார்.

பொதுவாகச் சொல்லப்படும் மனமாற்றக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். பன்யனுடைய துன்பமோ இதற்குப் பின்னரே முற்றியது. அவர் சார்ந்திருந்த பியூரிட்டன் மரபினர், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குகளை நீக்கித் தூய்மைப்படுத்த முனைந்தவர்கள், இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்னமே தெரிந்துகொண்டுவிட்டார் என்ற ‘முன்குறித்தல்’ கோட்பாட்டை ஏற்றிருந்தனர். தம்மைக் கடவுள் தெரிந்துகொண்டாரா இல்லையா என்பதை ஒருவர் தம் உள்ளத்தின் அடையாளங்களைக் கொண்டே ஆராய வேண்டியிருந்ததால், இயல்பாகவே அஞ்சும் மனத்துக்கு அது தீராத விசாரணையாக மாறியது. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஓயாமல் தூண்டும் ஒரு குரலோடு பன்யன் நெடுநாள் போராடினார். களைத்துப்போன ஒரு கணத்தில், கிறிஸ்து போக விரும்பினால் போகட்டும் என்ற எண்ணம் மனத்தில் ஓடிவிட, ஒருவேளைக் கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றுவிட்ட ஏசாவைப் போல் தமக்கும் இனி மீட்பில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கலங்கிக் கிடந்தார். 1666இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு இதை மறைக்காமல் பதிவுசெய்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களைப் பற்றி எழுதி 1902இல் வெளியிட்ட நூலில் பன்யனைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். இன்றைய மருத்துவர் ஒருவர் அந்தப் பக்கங்களைப் படித்தால் அதற்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டவும் கூடும். பெயர் எதுவாயினும், பன்யன் பட்ட வேதனை அதனால் குறைந்துவிடுவதில்லை.

அவருக்குக் கிடைத்த விடை மன உற்சாகம் அன்று. தமது நீதி தம் உள்ளத்தில் இல்லை, அது பரலோகத்தில் கிறிஸ்துவாக இருக்கிறது என்ற எண்ணம் ஒரு வயல்வெளியைக் கடந்துசெல்லும்போது அவருக்குத் தோன்றியது. மனம் நன்றாக இருக்கும் நாளில் அந்த நீதி கூடுவதில்லை, கெட்டிருக்கும் நாளில் குறைவதும் இல்லை. கிறிஸ்தவ இறையியல் ‘கிருபை’ என்று அழைப்பது இதைத்தான்: பெறுபவரின் தகுதியைப் பாராமல் கடவுள் அளிக்கும் தயவு. நம்பிக்கைக்கான ஆதாரம் நம்புகிறவருக்கு வெளியே இருக்கிறது என்ற இந்த ஒரே கருத்தைத்தான் அவர் பின்னாளில் கதையாகவும் விரித்தார். இவ்வளவும் கண்ட பிறகும், தன்வரலாற்றின் முடிவில் தம் உள்ளத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் ஏழு அருவருப்புகளைப் பட்டியலிடும்போது அவர் முதலாவதாகக் குறிப்பது அவிசுவாசத்தின் பக்கம் சாயும் மனத்தை என்பது கவனிக்கத்தக்கது.

1658இல் முதல் மனைவி இறந்தார். பார்வையற்ற மகள் மேரி உட்பட நான்கு பிள்ளைகள் தாயின்றி நின்றனர். மறுமணம் செய்துகொண்ட பன்யன், அரசு அங்கீகாரமின்றிக் கூட்டம் கூட்டிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 நவம்பரில் கைதானார். அந்த அதிர்ச்சியில் கர்ப்பிணியாக இருந்த இரண்டாம் மனைவி எலிசபெத் தம் குழந்தையை இழந்தார். ஆயினும் மறு ஆண்டே நீதிபதிகளின் முன் நேரில் நின்று கணவனுக்காக வாதாடினார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று பன்யன் வாக்களித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் வாக்களிக்கவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. காலணிகளுக்கும் ஆடைகளுக்குமான நாடாக்களுக்கு உலோக முனை பொருத்திக் கொடுத்துச் சிறையிலிருந்தே குடும்பத்துக்குச் சிறிது வருவாய் தேடிய அவர், பிள்ளைகளை, குறிப்பாகப் பார்வையற்ற மகளை, நினைக்கும்போது தாமே தம் வீட்டை அவர்கள் தலைமேல் இடித்துத் தள்ளுவதாக உணர்ந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். தியாகத்தைப் போற்றும் நூல்கள் இத்தகைய குற்றவுணர்வைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இந்த வாழ்க்கையிலிருந்து பிறந்ததுதான் தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறியப்படும் கதை. அதன் முதற் பகுதி 1678இல் வெளியானது. முதுகில் பாவச்சுமையோடு புறப்படும் கிறிஸ்தியான் என்னும் பயணி, பயணத்தின் தொடக்கத்திலேயே அவநம்பிக்கை என்னும் உளையில் விழுகிறான். சுமை சிலுவையின் அடியில் கழன்று விழுந்து, பாதை வெகுதூரம் கடந்த பிறகும் அவனுக்குச் சோதனை தீர்வதில்லை. கரடுமுரடான வழியில் கால்நோக நடக்க மாட்டாமல், பக்கத்தில் தெரிந்த புல்வெளிப் பாதையில் இறங்கிவிடும் அவனும் திடநம்பிக்கை என்னும் தோழனும் சந்தேகக் கோட்டையின் சொந்தக்காரனான இராட்சதனிடம் பிடிபடுகின்றனர். அந்த இராட்சதனின் பெயரே விரக்தி என்பதுதான். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவின்றி, ஒளியின்றி நிலவறையில் கிடக்கும் அவர்களைத் தடியால் அடிக்கும் அவன், உயிரை மாய்த்துக்கொள்வதே வழி என்று அறிவுரையும் கூறுகிறான். வெயில் காயும் நாளில் அவனுக்கு வலிப்பு வந்து கை செயலிழந்துவிடும் என்று பன்யன் போகிறபோக்கில் சேர்க்கும் செய்தியை, நோயாகவே சோர்வை அறிந்த ஒருவரால் மட்டுமே எழுதியிருக்க முடியும்.

அந்த அறிவுரைக்குக் கிறிஸ்தியான் ஏறத்தாழ இணங்கிவிடுகிறான். தோழன்தான் பேசிப் பேசித் தடுக்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி விடியும் தறுவாயில், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மடியிலேயே இத்தனை நாளும் இருந்தது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வருகிறது. வாக்குத்தத்தம் என்பது விவிலியத்தில் கடவுள் அளித்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் உறுதிமொழி. அந்தச் சாவிக்கு உள்கதவுகள் எளிதில் திறந்துவிட, வெளியிலுள்ள இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகுந்த முரண்டு பிடித்தே திறக்கிறது. மறந்துபோயிருந்த ஒன்று, நான்கு நாள் சாகாமல் பார்த்துக்கொண்ட ஒரு தோழன், திறக்க மறுக்கும் ஒரு பூட்டு: பன்யனின் நம்பிக்கை இவற்றால் ஆனது.

சாவி எல்லாருக்கும் வாழ்நாளிலேயே நினைவுக்கு வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜான் நியூட்டனுடன் சேர்ந்து 1779இல் வெளியான ஓல்னி ஞானப்பாட்டுத் தொகுப்பை உருவாக்கிய கவிஞர் வில்லியம் கூப்பர், கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற உறுதியான எண்ணத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்து 1800இல் இறந்தார். அவர் எழுதிய பாட்டுகளைப் பாடிப் பிறர் ஆறுதல் அடைந்துகொண்டிருந்தனர். அவருக்கு அந்த ஆறுதல் எட்டவில்லை. ஆயினும் நண்பர்களும் உறவினரும் அவரைக் கடைசிவரை பராமரித்தனர். துன்பம் விசுவாசத்தை வலுப்படுத்துகிறது என்பதைப் பொதுவிதியாக உரைப்போர் கூப்பரின் பெயரைச் சொல்வதில்லை.

பன்யனின் கதையைத் தமிழ்க் காப்பியமாக வார்த்தவர் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், கம்பனின் நடையில் தோய்ந்த தமிழில் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். மூலத்தில் கதையாக விரிக்கப்படாத கிறிஸ்துவின் பாடுகளை அவர் தம் நூலினுள் விரிவாகப் பாடிச் சேர்த்துள்ளார். நம்பிக்கையின் ஆதாரம் பயணிக்கு வெளியே உள்ளது என்றால், அந்த வெளியாதாரத்தைக் காப்பியத்துக்குள்ளேயே காட்டிவிடுவது பொருத்தம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

1684இல் வந்த இரண்டாம் பகுதியில் பன்யன் சோர்ந்த மனத்தினரிடம் முன்னிலும் கனிவாக நடந்துகொள்கிறார். உளையின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் அழுதுகிடந்த அச்சமே வடிவான ஒரு பயணி, மரணத்தைக் குறிக்கும் கடைசி ஆற்றை அடையும்போது, என்றுமில்லாத அளவுக்கு நீர் வற்றியிருக்க, பாதம் நனைந்த அளவிலேயே கடந்துவிடுகிறார். சந்தேகக் கோட்டை ஏழு நாள் உழைப்பில் இடிக்கப்படுகிறது, இராட்சதன் கொல்லப்படுகிறான், இடிபட்ட கோட்டையைப் பாவம் மீண்டும் எழுப்பிவிட முடியும் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. அந்த நிலவறையிலிருந்து உயிரோடு மீட்கப்படும் இருவர் மனமடிவு என்னும் முதியவரும், மிகுந்த அச்சம் என்ற பெயருடைய அவர் மகளும். நெடும்பயணத்துக்குப் பின் தந்தையோடு ஆற்றில் இறங்கும் அந்த மகள் பாடிக்கொண்டே கடக்கிறாள். என்ன பாடினாள் என்பது கரையில் நின்ற எவருக்கும் புரியவில்லை.