அரைக் கன அடித் தண்ணீர்

திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டத்துக்குத் தனி இடம் உண்டு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அடிக்கணக்கில் போட்டிருப்பார்கள். மணிமுத்தாறு நிரம்பினால் 118 அடி, கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28.3 கிலோ. கால்பந்து ஆடும் பிள்ளைகளின் மழைக்காலப் பயிற்சிக்குக் கணக்குப் போட உட்கார்ந்தபோது எனக்குத் தேவைப்பட்டது இந்தக் கடைசி எண்தான்.

வடகிழக்குப் பருவமழையில் மைதானம் சேறாகிவிடும், பந்தைப் பையில் கட்டி வைத்துவிடுவோம். ஐப்பசி முதல் தேதி தொடங்கி மார்கழி பத்து வரை எண்ணினால் 10 வாரம். தை பிறக்க அப்புறமும் ஏறக்குறைய மூன்று வாரம் மிச்சமிருக்கும். இந்த 70 நாளும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சும்மாவே கழிகிறது. உடம்பில் வலு ஏற்ற இதைவிட நல்ல காலம் வருடத்தில் வேறு கிடையாது.

“பாரம் தூக்குனா வளத்தி நின்னுரும்லா?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நிற்காது. அமெரிக்காவின் தேசிய வலிமைப் பயிற்சிச் சங்கம் 2009இல் வெளியிட்ட அறிக்கை, பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால் சிறுவர்களும் வலுப்பயிற்சி செய்யலாம் என்கிறது. வாரம் 2 அல்லது 3 நாள், அடுத்தடுத்த நாளில் கூடாது. ஒரு பயிற்சியை ஒரு சுற்றிலிருந்து மூன்று சுற்று வரை, சுற்றுக்கு 6 முதல் 15 தடவை செய்யலாம். பாரத்தை ஒரு முறைக்கு 5 முதல் 10 சதவீதம் வரைதான் கூட்ட வேண்டும்.

இந்த 5 சதவீதத்தில்தான் இரும்பைவிடத் தண்ணீர் ஒசத்தி. சாதாரண ஜிம்மில் கம்பிக்கு இருபுறமும் இரண்டரைக் கிலோத் தட்டு மாட்டினால் ஒரேயடியாக 5 கிலோ ஏறிவிடும். 10 கிலோ தூக்கும் பையனுக்கு அது பாதிக்குப் பாதி. 10 லிட்டர் காலி பெயிண்ட் வாளிகள் இரண்டை எடுத்து வாளிக்கு 5 லிட்டர் ஊற்றி, இரண்டு கையிலும் தூக்கி நடக்கவிட்டால் பாரம் 10 கிலோ. வாரா வாரம் வாளிக்குக் கால் லிட்டர் கூட்டினால் ஏறுவது அரைக் கிலோ, அதாவது கச்சிதமாக 5 சதவீதம். தண்ணீர் உள்ளே அலம்பிக்கொண்டே இருப்பதால் இடுப்பும் வயிறும் இறுகி நின்றாக வேண்டும். கம்பிப் பிடி உள்ளங்கையை அறுக்கும், அதனால் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

18 பேர் கொண்ட அணிக்கு வாளி 12, முழங்காலுக்கு விரிக்கக் கோணிச்சாக்கு 9. வாளி 30 ரூபாய், சாக்கு 20 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 540 ரூபாய். தலைக்கு 30.

சாக்கு எதற்கு என்றால் தொடையின் பின்தசைக்கு. ஒருவன் மடித்த சாக்கில் முழங்காலிட்டு நிற்பான், கூட்டாளி கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்வான். முதுகு வளையாமல், முழங்காலிலிருந்து தலை வரை ஒரே பலகையாக, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். பாதி தூரத்தில் தொடை நடுங்கத் தொடங்கும். அதற்கு மேல் தாங்காது, இரண்டு கையும் மண்ணில் ஊன்றும். இது ஒரு தடவை.

டென்மார்க்கில் 942 ஆட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். செய்த அணிகளில் பின்தசைக் காயம் 15, செய்யாதவற்றில் 52. பத்து வாரத்தில் 27 நாள், கூட்டிப் பார்த்தால் 700 தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் அவர்கள் வளர்ந்த ஆண்கள். 14 வயதுப் பிள்ளைக்கு ஃபிஃபாவின் ‘11+’ பயிற்சியில் உள்ள அளவே சரி: தொடக்கத்தில் 3 முதல் 5, அடுத்த நிலையில் 7 முதல் 10. வாரம் இரண்டு நாள் என்றால் 20 நாள். முதல் 7 நாள் ஐந்தைந்து, அடுத்த 7 நாள் எட்டெட்டு, கடைசி 6 நாள் பத்துப் பத்து. ஆக 151 தடவை. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 9ஆம், 12ஆம் அணிகள் மணிமுத்தாறில் இருப்பதால் காவலர் பயிற்சியைப் பார்த்து அப்படியே செய்ய ஆசைப்படும் பையன்கள் இங்கே உண்டு. 20 வயதுக்காரரின் கணக்கு அது, 14 வயதுக்கு ஆகாது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம். முழங்காலின் முன் சிலுவை நாண் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அறுவை சிகிச்சை செய்தாலும் களத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்களிடம் ‘11+’ சோதிக்கப்பட்டு 2008இல் முடிவு வந்தது. மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையானவை பாதியளவும் குறைந்தன. நேரச் செலவு 20 நிமிடம். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அந்த வரிசையில் சேரக்கூடிய ஒரு பிள்ளை 15 வயதில் முழங்கால் காயத்தோடு வீட்டில் உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய செலவு சாப்பாட்டில்தான். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளுக்கு 45 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் சொன்னது. பயிற்சி செய்யும் உடம்புக்குக் கிலோவுக்கு 1.4 கிராம் என்று எடுத்தால், 50 கிலோப் பையனுக்கு 70 கிராம். வீட்டுச் சாப்பாட்டில் அந்த 45 கிடைத்துவிடுகிறது என்றே வைத்தாலும் 25 குறைகிறது. இரண்டு முட்டையும் 50 கிராம் நிலக்கடலையும் அதை ஈடுகட்டும். முட்டை 7 ரூபாய், கடலை கிலோ 160 என்றால் நாளுக்கு 22 ரூபாய், 70 நாளுக்கு 1,540. சத்துணவில் பள்ளி நாளுக்கு ஒரு முட்டை வருகிறது. விடுமுறை போக 40 நாள் என்று கழித்தால் 280 ரூபாய் மிச்சம். 1,260 ரூபாயோடு வாளிக்கும் சாக்குக்கும் 30 சேர்த்தால் தலைக்கு 1,290. அணிக்கு 23,220. நன்கொடை கேட்டுப் போகிறவர்கள் சீருடைக்கும் கோப்பைக்கும் முன்னால் இந்தக் கடலைக்கும் முட்டைக்கும் கேளுங்கள். கொடுப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அரையாண்டுத் தேர்வு வாரத்தில் ஒரு நாள் செய்தாலே போதும், ஏறிய வலு இறங்காது. பத்தாம் வாரம் வாளியில் கரிக்கோடு 7¼ லிட்டரில் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 14½ கிலோ, அரைக் கன அடிக்குச் சற்றே மேல்.