உஷார்! அடுத்த வருஷத்து மீனை இப்போதே அரைக்கிறோம்

ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 2024-25இல் இந்தியா ரூ.62,408 கோடிக்குக் கடல் உணவு விற்றது என்றதும், நம் கடலில் மீனுக்கு என்ன குறை என்று தோன்றும். அந்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறாலால் வந்தது. அதிலும் பெரும்பகுதி பண்ணைக் குட்டைகளில் வளர்த்த வன்னாமி இறால். கடலின் நிலைமை வேறு.

விசைப்படகுகள் கரை சேரும் நேரத்தில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். நல்ல மீன் ஐஸ் பெட்டிக்குப் போகும். மிச்சத்தைத் தரையில் குவித்து, வாரி லாரியில் ஏற்றுவார்கள். ராமேஸ்வரம் பக்கம் இதற்குச் சங்காயம் என்று பெயர். கழிவு என்று நினைத்துக் கடந்து போகிறோம். குனிந்து பார்த்தால் விரல் நீளச் சங்கரா, நவரை, கணவாய்க் குஞ்சு எல்லாம் கிடக்கும். ஒருமுறைகூட முட்டையிடாதவை! இவை போவது மீன்மாவு ஆலைக்கு. ஒரு கிலோ மாவுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அந்த மாவுதான் கோழித் தீவனத்திலும் இறால் தீவனத்திலும் சேர்கிறது. ஆக, நாம் பெருமைப்படும் ஏற்றுமதிக்கு அடியிலும் இந்தக் குஞ்சுகள்தான் கிடக்கின்றன.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று குடும்பங்கள் வருமானமில்லாமல் காத்திருக்கின்றன. தடை முடிந்ததும் சின்னக் கண்ணி மடியோடு (இழுவை வலையோடு) இறங்கினால், அந்த இரண்டு மாதப் பட்டினிக்குக் கிடைத்த பலனை முதல் வாரத்திலேயே அள்ளிவிடுகிறோம். மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடியும் எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பும் 2017இலிருந்தே மத்திய அரசின் தடையில் இருக்கின்றன. சட்டம் எழுதியாகிவிட்டது, கரையில் நின்று வலையை அளந்து பார்க்கத்தான் ஆள் போதவில்லை.

கேரளத்து மத்தி மீனை நினைத்துப் பாருங்கள். 2012இல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் வெறும் 3,297 டன்! கடலின் சூடும் நீரோட்ட மாற்றமும் இதற்குப் பெரிய காரணம், மறுக்கவில்லை. அவற்றை ஒரு மாநிலம் நிறுத்திவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே தத்தளிக்கும் இனத்தின் குஞ்சையும் வாருவது நம் கையில் இருக்கும் தவறு.

அளவின்றி வாரினால் என்ன ஆகும்? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1968இல் 8 லட்சம் டன் காட் மீன் பிடித்தார்கள். அந்த மீன் அருகிப்போன பிறகு, 1992 ஜூலை 2 அன்று அமைச்சர் ஜான் கிராஸ்பி, இரண்டே வருஷத்துக்கு என்று சொல்லி மீன்பிடிப்பை நிறுத்தினார். சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அந்தத் தடை விலகியது 2024இல்தான். குளிர்சாதனக் கப்பலும் கருவியும் விஞ்ஞானியும் இருந்த நாட்டுக்கே இந்தக் கதி.

நம் பக்கம் நம்பிக்கை இல்லாமல் இல்லை. 2015இல் கேரளம் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதித்தது. பிறகு அது 58 ஆனது. அதற்குப் பிறகு கிளிமீன் பிடிப்பு கூடியதைக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே கண்டிருக்கிறது. கரையோரக் குஞ்சை விட்டுவிட்டுப் பிடிக்க ஆழ்கடலில் சூரையும் இருக்கிறது. ஆனால் பாக் நீரிணையில் இழுவைமடியை விட்டுவிட்டுத் தூண்டில் படகுக்கு மாறுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. கடனை யார் தாங்குவது, அந்தத் தொழிலை யார் கற்றுத் தருவது, பிடித்த மீனுக்கு விலை யார் தருவது? இதையெல்லாம் அரசு சேர்த்துப் பார்க்காவிட்டால் மீனவர் பழைய மடியைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மீன் வாங்குகிற நீங்களும் உஷாராக இருங்கள். வஞ்சிரத்துக்குக் கேரளம் வைத்திருக்கும் குறைந்தபட்ச நீளம் 50 செ.மீ. ஒரு சாண் நீள வஞ்சிரத்தை மலிவு என்று யாராவது நீட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மீன்மாவு ஆலை வாசலில் லாரியை நிறுத்திக் குஞ்சு மீனைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வேண்டும். அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன்பே அரசு அவரை நியமிக்கட்டும்.