குழந்தை உடம்பில் நீலத் திட்டு, சிவப்புத் தழும்பு: எதற்குப் பயப்படணும்?

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டி கண்ணில்தான் அது முதலில் படும். இடுப்புக்குக் கீழே நீலமும் சாம்பலும் கலந்த ஒரு திட்டு. "கிரகணத்துல வெளிய வந்தியா?" என்று தாயைப் பார்த்துக் கேள்வி வரும்.

கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நிறமிச் செல்கள் மேல்தோலுக்கு வந்து சேராமல் உள்தோலிலேயே தங்கிவிடுவதால் வருவது இது. மங்கோலியன் ஸ்பாட் என்பது பழைய பெயர். நம்மூர்க் குழந்தைகளிடம் ரொம்ப சகஜம். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். மருந்தோ எண்ணெயோ தேவையில்லை.

கவனம் வேண்டியது சிவப்பில். பிறந்தபோது பெரிதாக ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் சிவப்புப் புள்ளி தோன்றி, ஸ்ட்ராபெரி மாதிரி புடைத்து வளரும். இது ஹெமாஞ்சியோமா, ரத்தக்குழாய்க் கட்டி. பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். அதனால்தான் 'அதிர்ஷ்ட மச்சம்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கண், மூக்கு, உதடு பக்கம் இருந்தாலோ, புண்ணானாலோ, உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. கண் அருகே வளர்ந்தால் பார்வையே பாதிக்கப்படலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது. இதயத்துக்குக் கொடுக்கும் ப்ராப்ரனலால் இந்தக் கட்டியைச் சுருக்குவதை 2008-ல் பிரான்சின் போர்டோ நகர டாக்டர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். மெடிக்கலில் வாங்கி நாமே கொடுக்கிற விஷயம் இல்லை. குழந்தைக்குச் சர்க்கரை அளவும் நாடித்துடிப்பும் குறையலாம்.

கட்டி வேகமாக வளர்வது முதல் சில மாதங்களில். கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கத்துச் சிற்றூரிலிருந்து இறங்கி வருவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதற்காகத் தனியாக அலைய வேண்டாம். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகள் அதே காலத்தில்தான் வருகின்றன. ஊசி போடும் நர்ஸம்மாவிடம் உடுப்பைக் கழற்றிக் காட்டினால் போதும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால், சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பு விழுப்புரமோ சேலமோ போகணும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. நெற்றி, கண் இமையில் பிறவியிலேயே இருக்கும் தட்டையான கருஞ்சிவப்புத் திட்டு மங்காமல் இருந்தால் கண் அழுத்தத்தைப் பார்க்கணும். வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பழுப்புத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நரம்பு சார்ந்த மரபுக் கோளாறா என்று சோதிப்பார்கள். கன்னத்தில் வரும் தேமல் பெரும்பாலும் சாதாரணம்தான். தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிர்திட்டு என்றால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

கையில் போன் இருக்கிறதல்லவா? வாரம் ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து. கட்டி எவ்வளவு வளர்ந்தது என்று டாக்டர் அதிலேயே பார்த்துக்கொள்வார்.