மூச்சுவழி வைரஸ் குடலைத் தாக்குவது ஏன்? விடை தரும் செல் ஏற்பிகள்

இருமலோ மூச்சுத்திணறலோ இன்றி, வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக மருத்துவமனைக்கு வருவோரில் சிலருக்கும் கொரோனா தொற்று உறுதியாவது உண்டு. மூச்சுக்காற்று வழியே பரவும் வைரஸுக்கு வயிற்றில் என்ன வேலை என்ற கேள்விக்கான விடை, குடலின் உட்சுவரில் உள்ள ஒரு புரதத்தில் இருக்கிறது.

ஏசிஇ-2 எனப்படும் இப்புரதம் வைரஸுக்காக அமைந்ததன்று. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவுவது அதன் இயல்பான பணிகளுள் ஒன்று. கொரோனா வைரஸ் தன் மேற்பரப்பில் உள்ள முள் போன்ற புரதத்தை இந்த ஏற்பியில் பொருத்திக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. டிஎம்பிஆர்எஸ்எஸ்-2 என்ற நொதி அந்த முள் புரதத்தை வெட்டி நுழைவை எளிதாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் சிறுகுடல் செல்களில் ஏசிஇ-2 நுரையீரலில் இருப்பதைவிட மிகுதி. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதக் குடல் திசுக்களில் இவ்வைரஸ் பெருகுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டிலேயே காட்டினர்.

குடலில் ஏசிஇ-2 புரதத்துக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. டிரிப்டோபன் உள்ளிட்ட அமினோ அமிலங்களை உணவிலிருந்து உள்ளிழுக்கும் கடத்திப் புரதத்துக்கு அது துணை நிற்கிறது. தொற்றால் இப்பணி தடைபடுவதும், குடற்சுவரில் அழற்சி உண்டாவதும் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

அமெரிக்காவில் 2020 ஜனவரியில் கண்டறியப்பட்ட முதல் நோயாளிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தன. அவரது மலத்திலும் வைரஸின் ஆர்என்ஏ காணப்பட்டது. இதே கூறு இந்திய நகரங்களின் சாக்கடைகளிலும் தென்பட்டது. அகமதாபாத் கழிவுநீரில் அதனை காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஹைதராபாத்தில் சிசிஎம்பி விஞ்ஞானிகள், கழிவுநீர் மாதிரிகளைக் கொண்டே நகரில் எத்தனை பேர் தொற்றுக்கு ஆளாகியிருப்பர் என மதிப்பிட்டனர்.

எனினும் மலத்தில் ஆர்என்ஏ இருப்பதனாலேயே அது நோயைப் பரப்பும் என்று கொள்ள இயலாது. சிதைந்த வைரஸின் எச்சங்களும் பரிசோதனையில் சிக்கும். இந்நோய் முதன்மையாகப் பரவுவது இன்னமும் மூச்சு வழியேதான்.

பெரும்பாலானோருக்கு வயிற்று உபாதை சில நாட்களில் தணிந்துவிடுகிறது. முதியோருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் உடலில் நீரிழப்பு ஏற்படுவதே உடனடி ஆபத்து. அவர்களுக்கு ஓஆர்எஸ் கரைசலைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெருந்தொற்றின் தொடக்கத்தில் பரிசோதனைக்கான விதிகள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டிருந்ததால், வயிற்றுக் கோளாறு மட்டும் இருந்தவர்கள் சோதிக்கப்படாமல் விடுபட வாய்ப்பு இருந்தது.